தாழ்த்திய கார் ஏன் மோசமாகத் திரும்புகிறது?

வளைவில் கார் சாய்வது வேறு, டயர் சாலையைப் பிடிப்பது வேறு. சாய்வு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் சஸ்பென்ஷனுக்குச் செலவழிப்பவர்களில் பலர் அதைக் குறைக்கவே பணம் கொடுக்கிறார்கள். காரை 30 மி.மீ. இறக்கும் நான்கு ஸ்பிரிங், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் தடித்த ஸ்டெபிலைசர் பார் ஒன்று. கார் தட்டையாகத் திரும்புகிறது, ஸ்டியரிங்கும் உடனே பதில் சொல்கிறது. ஆனால் அதே வளைவை முன்பைவிட வேகமாக எடுக்க முடிகிறதா என்று அளந்து பார்த்தால், பல நேரம் முடிவதில்லை. காரணம் புரிய ஒரு சின்னக் கணக்கு போதும்.

டொயோட்டா 86 அளவுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எடை 1,250 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 46 செ.மீ. உயரத்தில், இடது வலது டயர்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 1.53 மீட்டர். நல்ல டயரோடு 0.9 ஜி (புவியீர்ப்பில் 0.9 பங்கு) விசையில் வளைவில் போகும்போது, உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை 1,250 × 0.9 × 0.46 ÷ 1.53, அதாவது ஏறத்தாழ 338 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கும் இல்லை, பாரும் இல்லை. எவ்வளவு விறைப்பான ஸ்பிரிங் போட்டாலும் அந்த 338 கிலோ மாறியே தீரும். காரை 25 மி.மீ. தாழ்த்தினால் அது 320 ஆகிறது. லாபம் 5 விழுக்காடு, அவ்வளவுதான்.

டயருக்கு ஒரு குணம் உண்டு. மேலே அழுத்தும் எடை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே ஒரே அச்சில் உள்ள இரு டயர்களில் ஒன்றில் எடை இறங்கி மற்றதில் ஏறினால், இரண்டின் கூட்டுப் பிடியில் நட்டம்தான். மாறும் மொத்த எடையைச் சஸ்பென்ஷனின் விறைப்பால் குறைக்க முடியாது. அதில் முன்னச்சின் பங்கு எவ்வளவு, பின்னச்சின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். முன்பக்கத்தை விறைப்பாக்கினால் முன்டயர் முதலில் தோற்று, மூக்கு வெளியே தள்ளும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் வால் வீசும். சஸ்பென்ஷன் கிட் வாங்குபவர் உண்மையில் வாங்குவது இந்தப் பங்கீட்டைத்தான்.

தாழ்த்துவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அதிர்வுத் தணிப்பானும் ஒரே தூணாகச் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு) உள்ள கார்களில், சக்கரத்தின் அடிப்பகுதியை உடலோடு இணைக்கும் லோவர் ஆர்ம் தொழிற்சாலை உயரத்தில் ஏறக்குறைய தரைக்கு இணையாகவோ, சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழிறங்கியோ இருக்கும். காரை இறக்கியதும் அதன் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்கிறது. உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம், ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால் உடலைச் சாய்க்கும் திருப்புவிசையும் கூடுகிறது. புதிய ஸ்பிரிங்கின் விறைப்பில் ஒரு பகுதி இதை ஈடுகட்டவே செலவாகிறது. கூடவே, ஸ்பிரிங் அமுங்கும்போது சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து டயரைச் சாலையில் படிய வைக்கும் இயல்பும் குறைகிறது. மிகவும் இறக்கினால் தலைகீழாகவே மாறுகிறது. ஆர்மின் வெளிமுனை மூட்டான பால் ஜாயிண்ட்டை நீளமானதாகப் போட்டு ஆர்மின் கோணத்தை மீட்கலாம். அப்போது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையையும் அதற்கேற்பத் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டியரிங் தானாக அசையும். இந்தச் செலவெல்லாம் வேண்டாம் என்றால், சாலையில் ஓடும் ஸ்ட்ரட் கார் 20 மி.மீ.க்கு மேல் இறங்காமல் இருப்பதே நல்லது. அழகுக்காக இறக்குபவர்களோடு வாதம் இல்லை.

ஸ்பிரிங்கின் விறைப்பைக் கிலோ எண்ணில் (1 மி.மீ. அமுக்கத் தேவைப்படும் எடை) மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சக்கரம் உணரும் விறைப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பை நெம்புகோல் விகிதத்தின் (சக்கரம் 1 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கும் அளவு) வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. ஸ்ட்ரட்டில் அந்த விகிதம் சுமார் 0.95. ஸ்பிரிங் உள்ளே தள்ளி அமைந்த பின் சஸ்பென்ஷனில் 0.7 என்று வைத்துக்கொண்டால், பின்பக்க 8 கிலோ ஸ்பிரிங் சக்கரத்துக்கு 4 கிலோகூடத் தருவதில்லை. ஒப்பிடச் சிறந்த அளவு அதிர்வெண், அதாவது ஸ்பிரிங் மீது உடல் ஒரு நொடியில் எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது. ஒரு மூலையில் 290 கிலோ உடல் எடை இருந்தால், மி.மீ.க்கு 3 கிலோ ஸ்பிரிங் முன்பக்கத்தில் சுமார் 1.5 ஹெர்ட்ஸ் தரும், 6 கிலோ 2.15 தரும், 8 கிலோ 2.5ஐத் தொடும். தினமும் ஓட்டும் விளையாட்டுக் காருக்கு 1.6 முதல் 2 வரை போதும். 2.5 என்பது சிப்பாங் போன்ற பந்தயத் தடத்துக்கானது. சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையின் பாலத்து இணைப்புகளில் அது பல்லைத்தான் ஆட்டும்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, துள்ளலைத் தணிக்கும் பழைய அப்சார்பரை அப்படியே விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. விறைப்பு இரட்டிப்பானால் தேவைப்படும் தணிப்பு 1.4 மடங்காகிறது. பழைய அப்சார்பர் அதைத் தராது; ஒரு மேட்டில் ஏறி இறங்கிய கார் இன்னும் ஓரிரு முறை துள்ளும். துள்ளும் நேரத்தில் டயர் மீதான அழுத்தமும் ஏறி இறங்குகிறது, பிடியும் அப்படியே. சரிசெய்யக்கூடிய அப்சார்பர் வாங்குபவர்கள் திருகை இறுக்கிக்கொண்டே போவார்கள். விரியும் திசையில் அளவுக்கு மீறி இறுக்கினால், அடுத்தடுத்த மேடுகளில் அமுங்கிய ஸ்பிரிங் விரிய நேரமின்றிக் கார் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடையில் உட்காரும்.

அந்த ரப்பர் துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமுங்குவதற்கு 70 மி.மீ. இடம் உள்ள காரை 30 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 40. வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் அதுவும் தீர்ந்து, பம்ப் ஸ்டாப் தொடுகிறது. அந்த மூலையின் விறைப்பு ஒரே கணத்தில் பல மடங்காகிறது. முன்னே சொன்ன எடைப் பங்கீடு அந்தக் கணத்தில் மாறிவிடுகிறது. பின்பக்கத்தில் இது நடந்தால், ஓட்டுநர் எதுவும் செய்யாமலே வால் விலகும். உடலைத் தாழ்த்திய பிறகும் அப்சார்பரின் தண்டு முழு ஓட்டத்தையும் தக்கவைக்கும் காயில்ஓவர்கள் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றாக வரும், உயரம் மாற்றக்கூடிய தொகுப்புகள்) உண்டு. அவற்றில் உயரத்தை அடிப்புறக் குழாயைத் திருகி மாற்ற வேண்டும், ஸ்பிரிங்கின் கீழ் வளையத்தைத் திருகி அல்ல. வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று நம்புவோர் நிறைய. சீரான ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. கார் உயரும், சக்கரம் கீழே தொங்குவதற்கான ஓட்டம் குறையும்.

பார் தேர்வில் விட்டத்தைக் கவனிக்க வேண்டும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது: 18 மி.மீ. பாருக்குப் பதில் 20 மி.மீ. போட்டால் 52 விழுக்காடு கூடுதல். 2 மி.மீ.தானே என்று நினைத்தவர் மழையில் திகைப்பார்.

பொருத்தும்போது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். லோவர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கிய நிலையில் முழுதாக இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். உயரம் தவறாகக் காட்டும், புஷ் சீக்கிரம் கிழியும். எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம். அப்சார்பர் தண்டின் மேல் நட்டை இம்பாக்ட் துப்பாக்கியால் சுழற்றினால் தண்டும் சேர்ந்து சுழன்று உள்ளே சீல் கெடும். ஆலன் சாவியால் தண்டைப் பிடித்துக்கொண்டு கையால் இறுக்குவதே முறை. ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புத் தண்டுகளையும், ஓட்டுநர் இருக்கையில் எடை வைத்து, பார் முறுக்கின்றி இருக்கும் நீளத்தில் பூட்ட வேண்டும்.

ஸ்பிரிங் படிய 200, 300 கி.மீ. ஓடவிட்டு, அதன் பிறகே சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மெண்ட். கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம் (மைனஸ் என்றால் மேல்முனை உள்நோக்கி); டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது அது திரும்பி நிற்கும் கோணம். முன் கேம்பர் மைனஸ் 1.5 முதல் 2 பாகை, பின் மைனஸ் 1.5, பின் டோ இரு சக்கரமும் சேர்த்து உள்நோக்கி 0.2 பாகை: தினசரி ஓட்டத்துக்கு இது நல்ல தொடக்கம். கேம்பரை மாற்றினால் டோ நகரும், எனவே டோவைக் கடைசியில் வையுங்கள். டயரைத் தின்பது கேம்பர் என்று பழி போடுகிறார்கள், ஆனால் முதல் குற்றவாளி டோ. ஒரு சக்கரம் 1 பாகை திரும்பி நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 17 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது.

வாங்குவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தைப் பார்த்துவிடுங்கள். மாற்றங்கள் அங்கே அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை என்று பிரிக்கப்பட்டுள்ளன. கார் மூன்று வயதானதும் ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடச் சரிவுகளில் முன் பம்பர் உரசுகிறதா என்பது அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழையில் பிடி பாதியாகும்போது மாறும் எடையும் பாதியாகிறது. உலர் சாலைக்கு அமைத்த விறைப்பு அப்போது மிகை. பின் பாரின் முனையில் இணைப்புத் தண்டுக்குப் பல துளைகள் இருந்தால், விறைப்பைக் குறைக்கும் துளைக்கு மாற்றுங்கள், அப்சார்பரின் விரிவுத் தணிப்பை இரண்டு கிளிக் (திருகின் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) தளர்த்துங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, கிளிக் எண்ணிக்கையை முழுதாக மூடிய நிலையிலிருந்து எண்ணி எழுதி வைத்தால், வெயில் வந்ததும் பழைய அமைப்புக்குத் திரும்பலாம்.