செக்ஹி: ஓசையால் பெயர்பெற்ற ஊற்று

கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகர் நடுவே, நிலத்தடியிலிருந்து வெதுவெதுப்பான நீர் ஊறி வருகிறது. கவீயா தொல்குடியினர் அதைச் செக்ஹி என்கிறார்கள். கொதிக்கும் நீரின் ஓசை என்று பொருள்.

கவீயா மொழி யூட்டோ-அஸ்டெக்கான் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோவின் நாவாட்ல் மொழி அதற்குத் தூரத்து உறவு.

பின்னால் வந்த ஸ்பானியர் அந்த இடத்தை ‘அகுவா கலியென்டே’, அதாவது வெந்நீர் என்றார்கள். சூடு பெயரில் நின்றது, ஓசை போய்விட்டது. ஆனால் செக்ஹியின் உயிரே ஓசையில்தான் இருக்கிறது. அந்த நீர் உண்மையில் கொதிப்பதில்லை. சுமார் 40 டிகிரி செல்சியஸ்தான், ஆள் இறங்கிக் குளிக்கலாம். அடியிலிருந்து குமிழிகள் மேலேறி வந்து உடைவதுதான் கொதிப்பதுபோல் கேட்கிறது. இது தெரியாமல் ‘கொதிநீர் ஊற்று’ என்று மொழிபெயர்த்தால் பொருளே பிழையாகிவிடும்.

நமக்கு இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. அரிசி போடும் பதத்தில் உலைநீர் எப்படிக் கொதிக்கும்? ‘தளதள’வென்று. மூடியைத் திறக்காமலே காது சொல்லிவிடும். ஆகவே செக்ஹியைப் பெயராக அப்படியே எழுதி, விளக்கமாகத் ‘தளதளக்கும் ஊற்று’ என்று தரலாம். சுனை என்றால் நமக்கு மலைப்பாறையின் குளிர்ந்த நீர் நினைவுக்கு வருகிறது. இங்கே ஊற்றே பொருந்தும்.

கவீயா மக்களுக்கு அது குளிக்கவும் குடிக்கவும் நோய் தீரவும் உதவிய நீர். ‘நுகாதெம்’ எனும் தொன்மையான புனித உயிர்கள் வாழும் கீழுலகத்தோடு தங்களை இணைப்பதும் அதுவே என்பது அவர்கள் நம்பிக்கை. ஊற்று இருக்கும், நில அளவையில் ‘பிரிவு 14’ என்று எண்ணிடப்பட்ட ஒரு சதுர மைல் நிலத்தை 1876இல் அமெரிக்க அதிபர் கிராண்ட் அவர்களுக்கென ஒதுக்கினார். யாருடைய ஊற்றை யார் யாருக்கு ஒதுக்குவது என்று மனம் கேட்கத்தான் செய்கிறது. இன்றும் அந்தக் குழுவின் அதிகாரப்பூர்வப் பெயரில் இருப்பது ஸ்பானியர் வைத்த ‘அகுவா கலியென்டே’தான். 2023இல் அதே நிலத்தில் அவர்கள் தங்கள் அருங்காட்சியகத்தையும் குளியலகத்தையும் திறந்தார்கள். குளியலகத்துக்கு வைத்த பெயர் செக்ஹி.