தூண்தலைன்னு சொல்லுங்க, போதிகைன்னு சொல்லாதீங்க

ஐரோப்பாவோட பழைய தேவாலயங்களப் பத்தி தமிழ்ல படிக்கிறப்பல்லாம் "செதுக்கப்பட்ட தலைநகரங்கள்"னு ஒரு வரி வந்து நிக்குது. தூணுக்கு மேல எப்படிங்க தலைநகரம் இருக்கும்? தூணோட தலைப்பகுதியச் சொல்ற கேப்பிட்டல்ங்கிற இங்கிலீஷ் சொல்ல கம்ப்யூட்டர் அப்படி மொழிபெயர்த்துக் கொடுத்தத ஒருத்தரும் திரும்பப் படிக்கல.

லத்தீன்ல கபுட்னா தலை, கபிடெல்லும்னா சின்னத் தலை, அதுலேர்ந்துதான் தூணோட தலைப்பகுதிக்கு இங்கிலீஷ்ல கேப்பிட்டல்னு பேர். தலைநகரமும் மூலதனமும் அதே வேர்தான், வேற கிளை. அவ்ளோதான்.

தலைநகரமாவது கவனக்குறைவுன்னு விட்டுடலாம். விஷயம் தெரிஞ்சவங்களே "போதிகை"ன்னு போடுறாங்களே, அதத்தான் ஏத்துக்க முடியல. நம்ம கோயில் தூண்ல பானை மாதிரி குடம், விரிஞ்ச இதழ் மாதிரி பாலி, தட்டையா பலகைன்னு வரிசையா வந்து அதுக்கும் மேலதான் போதிகை உக்காரும், ரெண்டு பக்கமும் கை நீட்டி உத்தரத்தத் தாங்கும். அலை மாதிரி செதுக்குன தரங்கப் போதிகை, கோணமா வெட்டுன வெட்டுப் போதிகைன்னு அதோட வடிவத்த வெச்சே கோயில் எந்தக் காலம்னு கணிக்கிறாங்க, அவ்ளோ துல்லியமான சொல். அத எடுத்து முழு தூண்தலைக்கும் போட்டா நம்ம சொல்லும் கெடும், அவங்க பொருளும் புரியாது.

பிரான்ஸ்ல வெஸ்லே மடத்துக் கோயில எடுத்துக்கோங்க, 12ஆம் நூற்றாண்டு. அங்க தூணுக்கு மேல உத்தரமே வராது, வளைவுதான் வந்து இறங்கும். கீழ வட்டமா வர்ற தூண மேல சதுரமா விரிச்சு வளைவு உக்கார எடம் பண்ணிக் கொடுக்குறதுதான் அந்தக் கல்லோட வேலை, விரிஞ்ச முகங்கள்ல கதை ஓடும். அதுல ஒண்ணுல பைபிளோட பழைய ஏற்பாட்டுல வர்ற மோசே குனிஞ்சு திரிகைக்குள்ள தானியம் கொட்டுறாரு, எதிர்ல புதிய ஏற்பாட்டுல வர்ற பவுல் வெறுங்காலோட நின்னு மாவ பைல பிடிக்கிறாரு, பழைய ஏற்பாட்டு தானியம் புதிய ஏற்பாட்டுல மாவா வருதுன்னு அர்த்தம். இதப் போய் போதிகைன்னா படிக்கிறவங்க மனசுல நம்ம கோயில் தூண்ல பாக்குற கவுந்த வாழப்பூ மாதிரி ஒண்ணு தொங்குமே தவிர இந்தக் காட்சி வராது.

1146ல இதே வெஸ்லேல சிலுவைப்போருக்கு ஆள் திரட்டிப் பேசின கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்நார்து, அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே மடத்து முற்றத்துல செதுக்குன குரங்கும் சிங்கமும் எதுக்கு, துறவிங்க புத்தகத்த விட்டுட்டு கல்லயே படிச்சிட்டிருப்பாங்கன்னு எழுதிட்டாரு. அந்தக் காலத்துத் தூண்தலைங்க படிக்கிற மாதிரி செதுக்குன கல்லுங்க.

தூண்தலைன்னா ரொம்ப பச்சையா இருக்கு, கலைச்சொல் மாதிரி இல்லங்கிறாங்க. லத்தீன்லயும் வெறும் தலைதானேங்க, அவங்களுக்குப் போதும்னா நமக்கு ஏன் போதாது?

இன்னொண்ணு, வெஸ்லே மாதிரி கோயில்களோட கட்டடப் பாணியான ரோமனெஸ்க்க "ரோமானிய"ன்னு எழுதாதீங்க, சீசர் காலம்னு நெனச்சிடுவாங்க. ரோமாபுரிய ஞாபகப்படுத்துற அரைவட்ட வளைவுனால 19ஆம் நூற்றாண்டுல வெச்ச பேரு அது, ரோமனெஸ்க்னே இருக்கட்டும். தூண்தலைக்கு மேல இருக்குற தட்டைக் கல்லு அபாகஸ், அத கணக்குப் போடுற மணிச்சட்டம்னு மாத்திடுறாங்க. அதுக்கு மட்டும் நம்ம ஸ்தபதிங்க சொல்ற பலகைய தாராளமா எடுத்துக்கலாம், ரெண்டு ஊர்லயும் அதே தட்டைக் கல்லு, அதே வேலை.