ஸ்கோருக்குச் சொந்தக்காரர் கிடையாது, படத்துக்கு உண்டு

ஆண்டு மலருக்காக மாவட்டத் தடகளச் சாதனைகளைத் தொகுக்கும் மாணவரிடம் "காப்பிரைட் பிரச்சினை வரும்" என்று சொல்லி நோட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதே பள்ளி மலரின் அட்டையில், இணையத்தில் கிடைத்த வீரர் படம் யாரையும் கேட்காமல் ஏறிவிடும். இரண்டுமே தப்பு.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தகவலைக் காப்பதில்லை. ஒருவர் 100 மீட்டரை 11.2 நொடியில் ஓடினார் என்றால் அது நடந்த செய்தி, அவ்வளவுதான். கிரிக்கெட் ஸ்கோரை மொபைலில் அனுப்பக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களுக்கு இடைக்காலத் தடைகூடக் கிடைக்கவில்லை. பட்டியலுக்கும் உரிமை வரும். ஆனால் எதைச் சேர்ப்பது, எப்படி அடுக்குவது என்பதில் தொகுத்தவரின் யோசனை கொஞ்சமாவது தெரிய வேண்டும். வெறும் உழைப்பு போதாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வகுப்பில் நாளிதழின் விளையாட்டுப் பக்கம் ஒன்றைக் கொடுங்கள். பெயர், தேதி, எண்களைப் பென்சிலால் அடிக்கோடிடட்டும். அவற்றைத் தாராளமாக எடுக்கலாம். படம், வர்ணனை, வரைபடம் எல்லாவற்றையும் வட்டமிடட்டும். மாட்டிக்கொள்வது அந்த வட்டங்களில்தான்.

பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுக்க 52(1)(i) பிரிவு இடம் தருகிறது. அதே படம் பள்ளியின் யூடியூப் சேனலுக்குப் போனால் இந்தப் பிரிவை நம்பி உட்காராதீர்கள். "பாட்டு, வீடியோவை 30 நொடி வரை போடலாம்" என்பது வாய்வழிக் கதை. சட்டத்தில் நொடிக் கணக்கே இல்லை. விளையாட்டு விழாவுக்குப் பள்ளி காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பள்ளிக்கே சொந்தம். பெற்றோர் ஒருவர் தானாக எடுத்து அனுப்பியது அவருடையது. வாட்ஸ்அப்பிலாவது "மலரில் போடலாம்" என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

இனி, பதிவு செய்தால்தான் உரிமை என்று பணம் கேட்கும் இடைத்தரகர்கள். எழுதி முடித்தவுடனே உரிமை வந்துவிடுகிறது. பதிவு, வழக்கு வந்தால் காட்டும் சான்று மட்டுமே. பதிவு வேண்டும் என்று நினைத்தால் படிவம் 14, எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாய், ஆட்சேபத்துக்கு 30 நாள். மூன்று மாணவர் சேர்ந்து தொகுத்து ஒருவர் பெயரில் விண்ணப்பித்தால் மற்ற இருவரின் தடையில்லாக் கடிதமும், மலரில் யார் படமாவது இருந்தால் அவருடையதும் பதிப்புரிமை அலுவலகத்தில் கேட்பார்கள். அதை முதலிலேயே இணைக்காவிட்டால் குறை சுட்டும் கடிதம் வரும், நீங்கள் பதில் போடுவீர்கள், மறுபடி காத்திருப்பு. அதற்குள் அந்த மாணவர்கள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். கையெழுத்துகளைத் தொகுக்கத் தொடங்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள்.