குதையும் பெயர் விடுவிப்பும்

சாக்கெட் என்பதற்கு இலங்கையின் தமிழ்வழிக் கல்வியில் வழங்கும் சொல் குதை. மின்செருகியை ஏற்கும் குதையை அறிந்த மாணவர், சி மொழியில் வலையமைப்பு நிரல் எழுதும்போதும் அச்சொல்லைத் தயங்காமல் ஆளலாம். வில்லின் நுனியில் நாணைப் பூட்டுமிடத்தைக் குதை, விற்குதை என்று அகராதிகள் கூறும். ஒன்று மற்றொன்றில் வந்து பூட்டிக்கொள்ளும் இடம் என்பதே அதன் உட்பொருள். ஆங்கிலச் சொல்லோ, ஏர்க்கொழுவைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கிளைத்து, முதலில் கொழுவடிவான ஈட்டிமுனையையும், பின்னர் காம்பு நுழையும் குழியையும் குறித்தது.

வலையமைப்பில் நிரல்கள் தொடர்புகொள்ளும் முனையைக் குறிக்கும் சாக்கெட் என்னும் சொல் 1970களின் தொடக்கத்திலேயே இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் ஆவணங்களில் இடம்பெற்றுவிட்டது. இன்று நம் நிரல்களில் அழைக்கும் சார்புகளுக்கு (ஃபங்ஷன்) உருவம் தந்தது, 1983 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்னும் இயக்குதளம். சாக்கெட் என்னும் சார்பை அழைத்தால் கிடைப்பது ஒரு முழு எண் மட்டுமே. திறந்த கோப்பைக் குறிக்கும் எண்ணாகிய கோப்பு விவரிப்பியைப் போலவே அதைக் கொண்டு வாசிக்கலாம், எழுதலாம், மூடலாம். அந்நிலையில் குதைக்கு முகவரி இல்லை. தன் முகவரியை பைண்ட் என்னும் சார்பும், எதிர்முனையின் முகவரியைக் கனெக்ட் என்னும் சார்பும் பின்னர் சேர்க்கின்றன.

அம்முகவரியில், கணினியைக் குறிக்கும் ஐபி எண், அதிலுள்ள சேவையைக் குறிக்கும் துறை (போர்ட்) எண் என இரு கூறுகள் உண்டு. தோட்டத்தின் பெயர் மட்டும் எழுதிய கடிதம் தோட்டத்து ஆபிசோடு நின்றுவிடும், லயத்து எண்ணும் காம்பரா எண்ணும் இருந்தால்தான் உரியவர் கைக்கு வரும் என்பதை அறிந்த மலையகத்தாருக்கு இவ்விரண்டின் தேவையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் பைட் வரிசையில், அதாவது ஓர் எண்ணின் பைட்டுகளை எந்த முறையில் அடுக்குவது என்பதில், கவனம் வேண்டும்: நம் மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில், துறை எண் 80 ஐ எச்டிஒஎன்எஸ் சார்பினால் வலையமைப்பின் வரிசைக்கு மாற்றாமல் இட்டால் அது 20480 ஆகிவிடும்.

கணினியின் பெயரிலிருந்து ஐபி எண்ணைப் பெறும் ரிசொலூஷனைத் 'தீர்மானம்' என்று எழுதுவது பிழை. தீர்மானம் சபைகள் நிறைவேற்றுவது. இலத்தீன் மூலச்சொல்லின் பொருள் முடிச்சவிழ்த்தல். புதிரை விடுவித்தல் என்று வழங்கும் தமிழில், ஆள்களப் பெயர் (டொமைன் நேம்) விடுவிப்பு என்பதே இயல்பாகப் பொருந்துகிறது. பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டிருந்த நிலையை மாற்றி, ஆள்களப் பெயர் முறைமையை 1983 இல் வகுத்தவர், போல் மொக்கபெட்ரிஸ் (Paul Mockapetris) என்னும் கணினி அறிவியலாளர்.

பழைய விடுவிப்புச் சார்பு கெட்ஹோஸ்ட்பைநேம். அது விடையை நிலையான ஒரே நினைவகப் பகுதியில் வைப்பதால் அடுத்த அழைப்பு முந்தைய விடையை அழித்துவிடக்கூடும். யுனிக்ஸ் வகை இயக்குதளங்களுக்கான போசிக்ஸ் நியமத்தின் 2008 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீக்கப்பட்டது. இப்போது ஆளவேண்டியது கெட்அட்ரின்ஃபோ. பெயரையும் சேவையையும் கொடுத்தால், ஐபி 4, ஐபி 6 ஆகிய இருவகை முகவரிகளையும் கொண்ட இணைப்புப் பட்டியலை அது தரும். முதல் முகவரியோடு நின்றுவிடாமல், இணைப்புக் கிடைக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் குதை திறந்து முயன்று, இறுதியில் ஃபிரீஅட்ரின்ஃபோவால் பட்டியல் பிடித்திருக்கும் நினைவகத்தை விடுவிக்க வேண்டும். கெட்அட்ரின்ஃபோ திருப்பும் எண் பூச்சியமல்லவாயின் பிழைச்செய்தியை ஜிஏஐ‌_எஸ்டிஆர்எரரிடம் கேட்க வேண்டும். வழக்கமான பிழைச்செய்திச் சார்பாகிய பிஎரர் இங்கே உரிய காரணத்தைச் சொல்லாது.

2010 இல் இணையப் பெயர்களின் உச்சிப் பட்டியலான மூலவலயத்தில் சேர்ந்த '.இலங்கை' என முடியும் தமிழ்ப் பெயர்களையும் கெட்அட்ரின்ஃபோவால் விடுவிக்கலாம். அவற்றை முன்கூட்டியே ஆங்கில எழுத்துகளாலான ஆஸ்கி வடிவுக்கு மாற்றித் தருவது ஒரு வழி. லினக்ஸில் பரவலாக வழங்கும் சி நூலகமான ஜிலிப்சியில் ஏஐ_ஐடிஎன் என்னும் கொடியை இட்டால், அம்மாற்றத்தைச் சார்பே செய்துகொள்ளும்.