'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்' என்று எழுதும் பிள்ளைகளுக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வேலை விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது பக்க வேலை, காசில்லாத வேலை. போன கிழமை மட்டும் மூன்று கடிதம், மூன்றிலும் 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜொப்'. ஒன்றை எழுதியது பட்டதாரி. வேலையில் விருப்பம் என்று சொல்ல வந்த பிள்ளை, "நான் சரியான சுவாரசியமான ஆள்" என்று தன்னைத்தானே மெச்சி வைத்திருக்கிறது. எழுத வேண்டியது 'இன்ட்ரஸ்டட்'.

வினைச்சொல்லில் இருந்து வரும் இந்த இரண்டு வடிவத்துக்கும் ஆங்கிலத்தில் பார்ட்டிசிபிள் என்று பெயர்: 'இன்ட்ரஸ்டிங்' பிரசன்ட், 'இன்ட்ரஸ்டட்' பாஸ்ட். பிழை அந்தப் பெயர்களில்தான் தொடங்குகிறது. பிரசன்ட் பார்ட்டிசிபிள் நிகழ்காலம், பாஸ்ட் பார்ட்டிசிபிள் இறந்தகாலம் என்று யாரோ சின்ன வகுப்பிலேயே சொல்லிவிட, விருப்பம் இப்போதுதானே இருக்கிறது, போடு 'இங்'. நம்முடைய பெயரெச்சமும் படித்த பிள்ளை, படிக்கிற பிள்ளை என்று காலம் காட்டுவதால் அந்த நம்பிக்கை இறுகிவிடுகிறது. ஆனால் 'த ரோட் வில் பீ க்ளோஸ்ட் டுமோரோ' என்கிறோமே, நாளைக்கு மூடப்போகிற வீதிக்கு ஏன் பாஸ்ட்? நேற்று அழுதவளுக்கு ஏன் 'வோஸ் க்ரையிங்'? காலத்தைச் சுமப்பது 'வில்'லும் 'வோஸ்'உம், பார்ட்டிசிபிள் இல்லை, இல்லவே இல்லை. 'இங்' என்றால் செய்கிறது, நடந்துகொண்டிருக்கிறது. பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்கிற மூன்றாம் வடிவம் என்றால் பட்டது, இல்லாவிட்டால் முடிந்தது. பாடம் போரிங், சலிப்பூட்டுகிறது; பிள்ளை போர்ட், சலித்துப்போனது. 'பொயிலிங் வோட்டர்' கொதிக்கிற தண்ணி, 'பொயில்ட் வோட்டர்' கொதிக்கவைத்த தண்ணி. குடிக்கும்போது மாறிப்போனால் நாக்கே இலக்கணம் சொல்லித்தரும்.

அடுத்தது கட்டுரை எழுதுகிறவர்களுக்கு. 'பில்ட் இன் 1924, வீ க்ரொஸ்ட் த லேடி மானிங் பிரிட்ஜ்.' நம்முடைய பழைய கல்லடிப் பாலத்தைத்தான் சொல்கிறார்கள். வசனத்தின் தலையில் நிற்கிற பார்ட்டிசிபிள், கமாவுக்குப் பிறகு வரும் எழுவாயைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்போ 1924இல் கட்டப்பட்டது பாலம் இல்லை, நாங்கள்! "பாலத்தில் நடந்து, வாவி அழகாகத் தெரிந்தது" என்று தமிழில் யாராவது சொல்வீர்களா? வாவி நடந்த மாதிரி இருக்கும் என்று காதே சொல்லிவிடும். அதையே ஆங்கிலத்தில் மட்டும் 'வோக்கிங் ஒன் த பிரிட்ஜ், த லகூன் லுக்ட் பியூட்டிபுல்' என்று கை கூசாமல் எழுதுகிறீர்கள். 'வீ சோ த லகூன்' என்று முடித்தால் சரியாகிவிடும்.

அனுப்ப முதல் ஒவ்வொரு 'இங்'குக்குப் பக்கத்திலும் பென்சிலால் "யார்?" என்று எழுதிப் பாருங்கள். பதில் வராவிட்டால் வசனத்தை உடைத்து இரண்டாக எழுதுங்கள், குறைந்துபோக மாட்டீர்கள். அப்புறம், முடிவுத் திகதிக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு "சேர், கொஞ்சம் பாத்துத் தாங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், இரண்டு நாளைக்கு முந்தி அனுப்புங்க. கெஞ்சிக் கேட்கிறேன்.