தண்ணீர் சேர்ந்தது எதுவும் கெடும்: வீட்டில் ஷாம்பு, தைலம், நலங்கு மாவு செய்து விற்பவர்களுக்கு

கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி வட்டாரங்களில் வீட்டிலேயே மூலிகை ஷாம்பு, கற்றாழை ஜெல், கூந்தல் தைலம், நலங்கு மாவு தயாரித்து வாட்ஸ்அப் குழுக்களில் விற்கும் பெண்கள் இன்று நிறையப் பேர். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இந்தத் தயாரிப்புகளில் பயிற்சி அளிப்பதும், அவர்களின் செய்முறையைச் சரிபார்த்துக் கொடுப்பதும் மருந்தாக்கவியல் படித்த என் வேலை. என் மேசைக்கு ஒரு பாட்டில் வந்தால் நான் கேட்பது இரண்டே கேள்விகள். இதில் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால் அதைக் கெடாமல் காப்பது எது? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில், "கெமிக்கலே சேர்க்கவில்லை சார், எல்லாம் இயற்கை" என்பதுதான். அந்தப் பதில் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

நம் வீடுகளில் செம்பருத்தி இலையைப் பறித்து அரைத்தவர்கள் அதே குளியலில் அதைத் தீர்த்தார்கள். இரவு ஊறிய வெந்தயம் காலையில் தலைக்குப் போனது. மிஞ்சியதைக் கொல்லையில் கொட்டினார்கள். அந்த முறையைக் காப்பாற்றியது செடியின் மகிமை மட்டுமில்லை. அன்றன்று அரைத்து அன்றே தீர்த்த வழக்கம். அதே விழுதைப் பாட்டிலில் அடைத்து, கூரியரில் சென்னைக்கு அனுப்பி, அங்கே ஒருவர் தம் குளியலறையில் இரண்டு மாதம் வைத்துத் தேய்த்துக்கொள்ளும்போது நாம் பழைய முறையைப் பின்பற்றவில்லை. புதிதாக ஒன்றைச் செய்கிறோம். அதற்கான கட்டுப்பாடுகளும் புதியவை.

கற்றாழை ஜெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும், மடலைச் சாய்த்து நிறுத்தி அதை வடியவிட வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் சோறு ஏறக்குறைய முழுவதுமே தண்ணீர். மீதியில் சர்க்கரைப் பொருள்களும் உண்டு. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இதைவிடச் சௌகரியமான இடம் வேண்டியதில்லை. மிக்சியில் அடித்த ஜெல் குளிர்பதனப் பெட்டியிலேயே சில நாள்தான் தாங்கும். சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்தால் ஒரு நாளே அதிகம். இதில் பெரிய ஆபத்து, கெட்டது உடனே தெரியாது என்பது. வாடை மாறி, நீர்த்துப்போய், கரும்புள்ளி தெரிவதற்குள் கிருமிகள் ஒரு கிராமுக்கு லட்சக்கணக்கில் பெருகியிருக்கக்கூடும். அழகுப் பொருள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17516 என்ற சர்வதேசத் தரம் ஒரு கிராமில் 1000 கிருமிகளுக்கு மேல் ஏற்பதில்லை. கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றுக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானவற்றுக்கும் வரம்பு 100 மட்டுமே. தண்ணீர் கலந்த தயாரிப்புகளில் எளிதாக வளரும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, கண்ணில் சிறு கீறல் இருந்தால் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடியது. கண்ணுக்குள் வழியும் ஷாம்புவில் அது இருக்கலாமா?

ஆகவே தண்ணீர், பன்னீர், கற்றாழைச் சோறு, பால், தேங்காய்ப் பால், மூலிகைக் கஷாயம் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்து பாட்டிலுக்குப் போகும் எதற்கும் பிரிசர்வேட்டிவ் எனும் பதப்பொருள் கட்டாயம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. "வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறேன்" என்று பலர் சமாதானம் சொல்கிறார்கள். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குப்பிடிப்பதைத் தள்ளிப்போடும். ஒரு கிருமியைக்கூடக் கொல்லாது. வேப்பிலைச் சாறும் தேனும் எலுமிச்சையும் நாம் சேர்க்கும் அளவில் அந்த வேலையைச் செய்வதில்லை.

சிறிய அளவில் செய்பவர்களுக்கு எளிதில் கிடைப்பவை இரண்டு. ஒன்று சோடியம் பென்சோயேட், ஊறுகாயில் போடுகிறார்களே அதுதான். இது அமிலத் தன்மையில் மட்டுமே வேலை செய்யும். அமிலத் தன்மையை அளக்கும் எண்ணான பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்கு மேல் ஏற ஏற இதன் பலம் வேகமாகக் குறையும்; 6-ஐத் தாண்டினால் பெயருக்குத்தான் இருக்கும். பி.எச். பார்க்காமல் பென்சோயேட் போட்டவர்கள் பதப்பொருள் போட்டதாக நம்பிக்கொண்டு பூஞ்சையை விற்கிறார்கள். மற்றொன்று ஃபினாக்ஸி எத்தனால். மொத்த எடையில் 1 சதவீதம் இதன் உச்ச வரம்பு. இது பி.எச். மாற்றத்தைத் தாங்கும். ஆனால் பூஞ்சைக்கு எதிராகத் தனியாகச் சற்றுப் பலவீனமானது என்பதால் துணைப் பொருளோடு கலந்து விற்பதையே வாங்குங்கள். கலவை ஆறி இளஞ்சூட்டுக்கு வந்த பிறகே பதப்பொருளைச் சேர்க்க வேண்டும். பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கும் தோலுக்கும் 4.5 முதல் 5.5 வரை ஏற்றது. சீயக்காய், பூந்திக்கொட்டைக் கஷாயங்கள் இயல்பாகவே லேசான அமிலத் தன்மை உடையவை என்பதால் அவற்றோடு பென்சோயேட் ஒத்துப்போகும். அப்போதும் தாளில் தொட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், தண்ணீரின் தரம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது; உள்ளே வந்தால் பல ஊர்களில் இரும்புக் கறை. கடையில் வாங்கும் நுரை மூலப்பொருளைக் கொண்டு ஷாம்பு செய்பவர்கள் அதைக் கெட்டியாக்கக் கல்லுப்பு சேர்ப்பார்கள். உப்பு கூடக்கூடக் கெட்டியாகும், ஓர் எல்லையைத் தாண்டினால் திடீரென்று தண்ணீராக நீர்த்துவிடும். தண்ணீரிலேயே உப்பு இருந்தால் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. "போன மாதம் நன்றாக வந்தது, இந்த மாதம் நீர்த்துவிட்டது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தயாரிப்புக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் பயன்படுத்துங்கள். காவிரித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் பாட்டிலுக்குள் வேண்டாம்.

தைலத்துக்கு வருவோம். இங்கே நம் முன்னோர் தண்ணீரின் ஆபத்தை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்பதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. கரிசலாங்கண்ணிச் சாறும் கறிவேப்பிலை விழுதும் எண்ணெயில் சேர்த்துக் காய்ச்சும்போது பதம் பார்ப்பார்கள். அடியில் தங்கும் வண்டலை விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரண்டால் மெழுகு பதம். மணல் போல உதிர்ந்தால் மணல் பதம். எண்ணெயைத் திரியில் தோய்த்துக் கொளுத்தினால் சடசடக்காமல் எரிய வேண்டும். சடசடப்பு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இது ஒரு முழுமையான தரச் சோதனை. இன்று செய்யப்படும் தவறு, பச்சை இலையை எண்ணெயில் போட்டு வெயிலில் ஒரு வாரம் வைத்து அப்படியே வடிகட்டுவது. இலையில் இருக்கும் ஈரம் அடியில் துளியாகத் தங்கி, அங்கிருந்து பூஞ்சை கிளம்புகிறது. அலங்காரத்துக்காகப் பாட்டிலுக்குள் வெட்டிவேரும் ரோஜா இதழும் மிதக்கவிடுவதையும் நிறுத்துங்கள். இலையை நிழலில் சருகாக உலர்த்தியோ, பதம் வரும்வரை காய்ச்சியோ செய்தால் தைலத்துக்குப் பதப்பொருள் தேவையில்லை. ஈரக் கை படாமல், பம்பு மூடி உள்ள பாட்டிலில் அடைத்தால் போதும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது 24 டிகிரி வாக்கில் அதன் இயல்பு, கலப்படத்தின் அடையாளம் இல்லை என்று லேபிளில் எழுதிவிட்டால் பாதிப் புகார்கள் குறையும்.

கைக்குழந்தைக்கான எண்ணெயில் மட்டும் கற்பூரம் கூடவே கூடாது. சளிக்கு நல்லது என்று சூடான தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்க்கும் வழக்கம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் ஏறும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். மருத்துவமனைகள் அறிந்த உண்மை இது. உங்கள் பாட்டிலில் அது இருக்க வேண்டாம்.

நலங்கு மாவு உலர்ந்த பொருள் என்பதால் கவலையில்லை என்று நினைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றே ஈரம். ஆவாரம்பூவும் ரோஜா இதழும் கையில் நொறுங்கும் அளவுக்குக் காயாமல் மில்லுக்குப் போனால், டப்பாவில் கட்டி பிடித்து வாடை வரும். அடைமழை மாதங்களில் அரைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் அரைத்து இறுக மூடி வையுங்கள். மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய்த்தூள் அரைத்த கல்லில் அரைத்த நலங்கு மாவு குழந்தையின் முகத்தை எரிய வைத்த கதை பயிற்சி வகுப்புகளில் எனக்கு அடிக்கடி வருகிறது. முதல் இரண்டு கிலோ பாசிப்பயறை ஓட்டிக் கழித்துவிட்டுப் பிறகு உங்கள் சாமான்களைப் போடச் சொல்லுங்கள்.

அந்த மாவில் கார்போக அரிசி என்ற மூலிகை விதையைச் சேர்ப்பவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதில் சோரலன் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் கருகிக் கொப்புளிக்கும், கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் சோரலனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துப் பயன்படுத்துவதே இந்தக் குணத்தால்தான். அவர்கள் அளவறிந்து செய்கிறார்கள். காலையில் மாவு தேய்த்துக் குளித்துவிட்டு நேரே நடவுக்குப் போகும் பெண்ணுக்கு யார் அளவு பார்ப்பது? விற்கும் மாவில் கார்போக அரிசியை விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போவதிலும் இதே ஆபத்து உண்டு.

சோப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 180 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், நல்லெண்ணெய்க்கு 135 கிராம் வாக்கில். தேங்காய் எண்ணெய்க் கணக்கை நல்லெண்ணெய்க்குப் போட்டால் மிஞ்சும் காரம் தோலைத் தின்றுவிடும். கணக்கிட்ட அளவில் 5 சதவீதத்தைக் குறைத்தே போடுங்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் சேர்க்க வேண்டும். தண்ணீரை காஸ்டிக் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஒருபோதும் கூடாது, காஸ்டிக் அதை அரித்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே வேண்டும், கண்ணுக்குக் கவசமும்.

எதைச் செய்தாலும் ஸ்பூன் கணக்கை விட்டுவிட்டு எடைக்கு வாருங்கள். அரை கிலோ ஷாம்புவில் 1 சதவீதம் என்றால் 5 கிராம். ஒரு டீஸ்பூன் என்பது பொடிக்கும் திரவத்துக்கும் வேறு வேறு எடை. நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற, கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு இன்று எல்லார் கைக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது.

சட்டத்தைச் சொன்னால் பலர் முகம் வாடுகிறது, இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். விற்பதற்காக அழகுப் பொருள் தயாரிக்க 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழும், 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் கீழும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சோப்புக்கும் இது பொருந்தும். உணவுப் பாதுகாப்பு உரிமமும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இதற்கு ஈடாகாது. சொந்தமாக ஆலை அமைக்க முடியாதவர்களுக்கு, உரிமம் உள்ள மற்றொருவரின் கூடத்தில் தயாரிக்கும் லோன் லைசென்ஸ் வழி அதே விதிகளில் இருக்கிறது. சில குழுக்கள் சேர்ந்து அந்த வழியில் போவதே நல்லது என்பது என் கருத்து. "வழுக்கையில் முடி முளைக்கும்", "இளநரை கறுக்கும்", "நிறம் வெளுக்கும்" என்று லேபிளில் எழுதாதீர்கள். இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துகளே சொல்லக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜெ அட்டவணை பட்டியலிட்டிருக்கிறது. மருந்துக்கே இல்லாத உரிமை நம் தைலத்துக்கு எங்கிருந்து வரும்?

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு முறையும் தயாரித்த தேதி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), ஒவ்வொரு பொருளின் எடை, வாங்கிய கடை, முடிவில் பார்த்த பி.எச்., எத்தனை பாட்டில், யார் யாருக்குப் போனது, இவ்வளவையும் எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாட்டில்களை விற்காமல் எடுத்து வையுங்கள். ஒன்று நிழலான அலமாரியில், ஒன்று சமையலறையின் சூடான மூலையில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து மணம், நிறம், கெட்டித்தன்மை, பி.எச். பாருங்கள். புதிய செய்முறையென்றால் மூன்று மாதம் இப்படிப் பார்த்த பிறகே விற்பனைக்கு விடுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு வாரம் தினம் இருவேளை தடவிப் பாருங்கள். வாங்கியவர் ஒருவர் அரிப்பு என்றோ தடிப்பு என்றோ சொன்னால் வாதாட வேண்டாம். அந்தத் தொகுதி எண்ணைக் கேட்டு, எடுத்து வைத்த பாட்டிலைத் திறந்து பார்த்து, நோட்டில் உள்ள மற்ற எல்லாருக்கும் அன்றே தொலைபேசியில் சொல்லி, பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். அரிப்பு வந்தவரைப் பாட்டிலோடு தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.