சொல் விளக்கம்: தெரிவுத் துணை

ஒரு வருத்தத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வைத்தியம் இருந்தால், ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன பாதிப்பு என்று அருகருகே காட்டும் தாள், படம் அல்லது காணொளிக்கு மருத்துவத்தில் 'டிசிஷன் எயிட்' என்று பெயர். 'டிசிஷன்', 'வெட்டிவிடுதல்' என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

'முடிவெடுப்பு உதவிக் கருவி' என்று இதைப் பெயர்ப்பதுண்டு. கருவி என்றதும் நம் ஆட்களுக்குப் பிரசர் பார்க்கும் மெசின்தான் ஞாபகம் வரும். 'முடிவு' ஆஸ்பத்திரியில் காதுக்கு இதமான சொல்லும் அல்ல. 'தெரிவுத் துணை' என்பதே பொருத்தம். இலங்கையில் தெரிவு அன்றாடச் சொல், எம்.பி.யையும் தெரிவுதான் செய்கிறோம். கண்ணுக்குப் புலப்படுதல், அறிதல், தேர்ந்தெடுத்தல் மூன்றும் 'தெரிதல்' என்ற ஒரே சொல்லில் இருக்கின்றன. திருக்குறளின் 47ஆம் அதிகாரம் 'தெரிந்துசெயல்வகை'. போவது எது, வருவது எது, பிறகு மிஞ்சுவது எது என்று பார்த்துச் செய் என்றே அதன் முதல் குறள் சொல்கிறது.

படம் எதற்கு? 'இந்தக் கொலஸ்ட்ரோல் மாத்திரை போட்டால் மாரடைப்பு பாதியாகக் குறையும்' என்றால் யாரும் சரி என்று தலையாட்டிவிடுவார்கள். அதையே 100 ஆள் உருவங்களாக வரையுங்கள். மாத்திரை இல்லாமல் பத்து வருடத்தில் 4 பேருக்கு மாரடைப்பு வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த நாலுக்கும் சிவப்பு அடியுங்கள். பக்கத்தில், மாத்திரை போடும் 100 பேர். அங்கே சிவப்பு 2. பாதி என்பது பொய்யில்லை. ஆனால் மாத்திரை இல்லாமலே தப்பும் 96 பேரும், போட்டும் தப்பாத 2 பேரும் இப்போதுதான் கண்ணில் படுகிறார்கள். தினமும் தேயிலைக் கொழுந்துக் கிலோவைக் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு 100இல் 2 விளங்காதா?

இப்படிப்பட்ட துணைகளைப் பற்றிய 105 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. நோயாளிகளின் அறிவு கூடியது. ஆபத்தை அவர்கள் இன்னும் சரியாக மதிப்பிட்டார்கள்.

மலையகத்தில் இதன் தேவை இன்னும் அதிகம். டொக்டர் சிங்களத்தில் சொல்வதைப் பக்கத்தில் நிற்பவர் இரண்டு வார்த்தையில் தமிழாக்க, 'சரிங்க ஐயா' என்று கையெழுத்து வைத்துவிட்டு வருபவர்கள் எத்தனை பேர்! அந்தத் தாள் சம்மதப் பத்திரம். தெரிவுத் துணை அதற்கு முன்னால் கைக்கு வரவேண்டியது. வீட்டுக்குக் கொண்டுபோய் மகளோடும் மருமகனோடும் பேசிப் பார்க்க வேண்டியது. 'இதைத்தான் செய்யுங்கள்' என்று சொல்லும் துண்டுப்பிரசுரத்துக்கு இந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது.